‘எழுத்து’ செல்லப்பா



தமிழில் ‘ஆசிரியர்’ என்னும் சொல் மூன்று தொழிலினரைக் குறிக்கும். பள்ளியில் பாடம் சொல்பவர் ஆசிரியர். நூல் இயற்றியவரும் ஆசிரியரே. ஒரு பத்திரிகையை முன்னின்று நடத்துபவரையும் ஆசிரியர் என்றே அழைக்கிறோம். முதற் பொருளில் அச்சொல்லை முப்பது ஆண்டுகளுக்கு மேல் சுமந்து ஓய்வு பெற்றவன் நான். இன்று மூன்றாம் பொருளில் அதற்கு உரியவராக வாழ்ந்த ஒருவரைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். பாடஞ் சொல்லும் ஆசிரியர் அந்தப் பத்திரிகாசிரியரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அதை நான் காலங்கடந்துதான் கற்றேன். அந்தக் கதையை இறுதியில் சொல்கிறேன்.

அவர் சி. சு. செல்லப்பா. கவிஞர், சிறுகதையாசிரியர், நாவலாசிரியர், விமரிசகர் எனப் பல பெயர்கள் அவருக்குப் பொருந்தும். ஆயினும் இலக்கிய உலகம் அவரை ‘எழுத்து’ செல்லப்பா என்றே அழைத்தது. தாம் நடத்திய ஏட்டின் பெயரே ஒருவருக்கு முன்னொட்டாக நிலைத்துவிடுவது எளிய காரியம் அன்று.

சி. சு. என்பதன் விரிவு சின்னமனூர் சுப்பிரமணியம். 1912-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் அவர் பிறந்தார். வளர்ந்த ஊர் வத்தலக்குண்டு. மதுரைச் சீமையின் அந்தச் சிற்றூர் தமிழ் உரைநடைக்கு அளித்த கொடை வியப்புக்குரியது. ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய பி. ஆர். ராஜமையர் அவ்வூரினர். ‘மணிக்கொடி’யைச் சிறுகதை ஏடாக மாற்றி நடத்திய பி. எஸ். ராமையாவும் அவ்வூரினரே. இளைஞர் செல்லப்பாவின் தொடக்ககாலக் கதைகள் மணிக்கொடியில் வெளிவந்தன. தேசிய இயக்கத்தில் ஈடுபட்டு, 1941-இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றார். ‘ஸரஸாவின் பொம்மை’ என்ற முதற் கதைத்தொகுதி 1942-இல் வெளிவந்தது. பின்னர்ச் சென்னையில் பத்திரிகை அலுவலகங்களில் பணியாற்றினார். இவையெல்லாம் அக்காலத்து எழுத்தாளர் பலருக்கும் பொதுவான வரலாறு. செல்லப்பாவைத் தனித்துக் காட்டும் காலம் 1959-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் தொடங்குகிறது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு.

அதற்கு முன் தமிழ்க் கவிதை இருந்த நிலையைச் சற்று நோக்க வேண்டும். பாரதியார் புதுவையில் வாழ்ந்த காலத்தில், யாப்பின் கட்டுக்கு அடங்காத ஒருவகைப் பாட்டை வசனத்தின் நடையிலேயே எழுதிப் பார்த்தார். அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனைப் பற்றித் தமிழருக்கு முதலில் எடுத்துச் சொன்னவர்களுள் அவரும் ஒருவர். பின்னர்க் கும்பகோணத்து ந. பிச்சமூர்த்தி, அதே விட்மனைப் படித்த ஊக்கத்தில், 1934-இல் மணிக்கொடியில் ‘காதல்’ என்னும் கவிதையை எழுதினார். கு. ப. ராஜகோபாலன் முதலிய சிலரும் அவ்வழியில் முயன்றனர். அதன்பின் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுக்காலம் அந்த முயற்சி உறங்கிற்று. பிச்சமூர்த்தியே கவிதை எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

வாசகர்கள் இல்லாமற் போனதுதான் காரணமோ என்று நீங்கள் எண்ணலாம். அவ்வாறன்று. தமிழில் வாசகர் பெருகிய காலம் அது. எங்கள் ஆரணியின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய ஆரணி குப்புசாமி முதலியார், ஆங்கில நாவல்களைத் தழுவித் துப்பறியும் கதைகளை எழுதிக் குவித்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெருந்திரளான வாசகர்களைப் பெற்றவர். 1950-களில் வார இதழ்கள் பல்லாயிரக்கணக்கில் விற்றன. தொடர்கதைக்காக வீட்டுத் திண்ணையில் காத்திருந்து இதழைப் பறித்துப் படித்த தலைமுறை அது. வாசகர் இருந்தனர், ஆனால் புதியதொரு கவிதையை அச்சிட்டு, அது ஏன் கவிதையாகிறது என்று விளக்கிச் சொல்லும் இடம் எதுவும் இருக்கவில்லை.

அந்த இடத்தை உண்டாக்கத்தான் செல்லப்பா ‘எழுத்து’ என்னும் மாத இதழைத் திருவல்லிக்கேணியிலிருந்து தொடங்கினார் என்று பலரும் கூறுவர். இது முற்றும் சரியன்று. அவர் தொடங்கியது விமரிசனத்துக்காக. தமிழில் கதை உண்டு, கட்டுரை உண்டு. அவற்றை எடைபோடும் கலை மட்டும் வளரவில்லை என்பது அவருடைய நெடுநாளைய கவலை. கவிதை அவருடைய முதல் நோக்கமாக இருக்கவில்லை. முதல் இதழில் பிச்சமூர்த்தியின் பழைய கவிதை ஒன்றை மறுபிரசுரம் செய்தார். க. நா. சுப்ரமண்யம் ‘மயன்’ என்ற புனைபெயரில் எழுதினார். அவ்வளவே. அதைப் படித்த இளைஞர்கள் ஆங்காங்கிருந்து கவிதைகளை அனுப்பத் தொடங்கினர். எதிர்பாராமல் வந்த விருந்தினருக்காக வீட்டின் பெரிய அறையை ஒழித்துக் கொடுப்பதுபோல, செல்லப்பா தம் ஏட்டின் பக்கங்களை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தார். அவருடைய பெருமை இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். தாம் தேடாத ஒன்று வாயிலில் வந்து நின்றபோது, அது இன்னதென்று அவருக்குத் தெரிந்தது.

இதற்கு ஒப்பான நிகழ்ச்சிகள் பிற நாடுகளிலும் உண்டு. செல்லப்பா பிறந்த அதே 1912-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஹாரியட் மன்றோ என்ற பெண்மணி ‘பொயட்ரி’ என்னும் கவிதை ஏட்டைத் தொடங்கினார். அவரும் கவிஞர், விமரிசகர். டி. எஸ். எலியட் என்ற, அன்று பெயர் தெரியாத இளைஞரின் கவிதையை 1915-இல் அவ்வேடு வெளியிட்டது. எலியட் பின்னர்த் தாமே 1922-இல் லண்டனில் ‘கிரைட்டீரியன்’ என்னும் ஏட்டைத் தொடங்கிப் பதினேழு ஆண்டுகள் நடத்தினார். இன்று மன்றோவின் சொந்தக் கவிதைகளைப் படிப்பவர் மிகச் சிலர். அவர் அச்சிட்ட கவிதைகளையோ உலகம் படித்துக்கொண்டிருக்கிறது. செல்லப்பாவுக்கும் இது ஓரளவு பொருந்தும்.

‘எழுத்து’ ஏட்டில் எழுதியவர்கள் யார் யார் என்று பாருங்கள். நாகர்கோவிலில் துணிக்கடை நடத்திய சுந்தர ராமசாமி, ‘பசுவய்யா’ என்ற பெயரில் 1959-இலேயே கைவிரல் நகத்தைப் பொருளாகக் கொண்டு ஒரு கவிதை அனுப்பினார். நிலவையும் மலரையும் பாடுவதே கவிதை என்று பயின்ற நாட்டில், நகம் கவிதைக்கு உரிய பொருளா என்ற கேள்வி எழாதிருக்குமா? செல்லப்பா அதை அச்சிட்டார். திருவனந்தபுரத்தில் ஆங்கிலம் போதித்த டி. கே. துரைஸ்வாமி எழுதினார், நகுலன் என்றால் உங்களுக்குத் தெரியும். எஸ். வைத்தீஸ்வரன், தி. சோ. வேணுகோபாலன் ஆகியோரும் எழுதினர். நிறுத்தியிருந்த பேனாவைப் பிச்சமூர்த்தி மறுபடியும் எடுத்தார். அறுபதை எட்டிக்கொண்டிருந்த அவர் இளைஞர்களுக்கு நடுவே மீண்டும் இளைஞரானார்.

இருவரைப் பற்றி மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஒருவர் தருமு சிவராமு. இலங்கையின் திருகோணமலையைச் சேர்ந்தவர், 1939-இல் பிறந்தவர். 1960-இல் ‘எழுத்து’ ஏட்டில் அவர் எழுதத் தொடங்கியபோது இருபது வயதுதான் நிரம்பியிருந்தது. கடல் கடந்து அஞ்சலில் வந்த உறையைப் பிரித்த செல்லப்பா, அனுப்பியவரின் வயதையோ பட்டத்தையோ கேட்கவில்லை. கவிதையை மட்டுமல்லாமல், அந்த இளைஞர் மூத்த எழுத்தாளர்களைப் பற்றி எழுதிய விமரிசனக் கட்டுரைகளையும் வெளியிட்டார். அந்தச் சிவராமுவே பிற்காலத்தில் பிரமிள் என்று புகழ்பெற்றவர். அவர் 1997-இல் மறைந்தது எங்கள் பக்கத்தில், வேலூரை அடுத்த கரடிக்குடியில். ஆரணியிலிருந்து புறப்பட்டால் நண்பகலுக்குள் போய்வரக்கூடிய தொலைவு. போய்வந்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

மற்றொருவர் சி. மணி. நகர வாழ்க்கையின் அலைச்சலையும் அருவருப்பையும் ஒருசேரக் காட்டும் ‘நரகம்’ என்னும் நீண்ட கவிதையை அவர் எழுதினார். பல பக்கங்களை விழுங்கும் கவிதை. விரசம் என்று பழிவரக்கூடிய கவிதை. சிறிய ஏடு ஒன்றுக்கு இரண்டுமே ஆபத்து. செல்லப்பா 1962-இல் அதை வெளியிட்டார். காந்தியடிகளிடம் ஆழ்ந்த பக்தி கொண்ட அவருக்கு, அக்கவிதையின் உலகம் இயல்பாக உவப்பானதாக இருந்திராது என்றே நான் எண்ணுகிறேன். ஓர் ஆசிரியருக்கு எது பிடிக்கிறது என்பது வேறு. எது தரமானது என்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிய அவருக்குத் தெரிந்திருந்தது. இதில் இன்னொரு சுவையான செய்தியும் உண்டு. யாப்பை மீறி எழுதிய இதே சி. மணிதான், பின்னாளில் ‘செல்வம்’ என்ற பெயரில் ‘யாப்பும் கவிதையும்’ என்னும் நூலை எழுதினார். புதுக்கவிதை எழுதுபவருக்கு இலக்கணம் தெரியாது என்று சொல்லும் தமிழாசிரியர்களுக்கு நான் அந்நூலை எடுத்துக் காட்டுவதுண்டு.

இனி, விமரிசகர் செல்லப்பாவுக்கு வருவோம். க. நா. சுப்ரமண்யமும் அவரும் நண்பர்கள், ஒரே நோக்கமுடையவர்கள். எனினும் விமரிசனம் எவ்வாறு இருக்க வேண்டும் என்பதில் இருவரும் வேறுபட்டனர். தேர்ந்த ரசனையுடைய ஒருவர், இது நல்ல நூல், இது நல்லதன்று என்று சுட்டிக் காட்டினாற் போதும் என்பது க. நா. சு.வின் போக்கு. நூலை வரிவரியாக அலசிக் காரணம் காட்டாத தீர்ப்பு செல்லாது என்பது செல்லப்பாவின் கட்சி. எங்கள் ஊர்க் கடைத்தெருவில் நின்றால் இவ்விரு கட்சியினரையும் கண்ணாரக் காணலாம். பழகிய வியாபாரி ஒருவர் பட்டுச்சேலையின் மடிப்பை விரலால் தடவிப் பார்த்தவுடனே தரத்தைச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவே இருக்கும். மற்றொருவர் சேலையைப் பிரித்து, மறுபக்கம் திருப்பி, பாவு எங்கே ஊடை எங்கே, ஜரிகை எங்கே அறுந்து முடியப்பட்டிருக்கிறது என்று பார்த்த பின்னரே வாய் திறப்பார். முதலாமவருக்கு நேரம் மிச்சம். ஆனால் கடைக்குப் புதிதாக வந்த பையன் கற்றுக்கொள்வது இரண்டாமவரிடமிருந்துதான். செல்லப்பா இரண்டாம் வகையினர். அதனால்தான் மாணவர்களாகிய உங்களுக்கு அவரைப் பற்றிச் சொல்லத் துணிந்தேன்.

ஒரு குறையையும் மறைக்க வேண்டியதில்லை. அவருடைய விமரிசன உரைநடை சிக்கலானது. ஒரு வாக்கியத்துக்குள் மூன்று வாக்கியங்கள் முட்டிக்கொண்டு நிற்கும். சொல்லவந்ததைச் சொல்லி முடிக்கும் முன் அதற்கு வரக்கூடிய மறுப்பும், மறுப்புக்கு மறுப்பும் இடையில் புகுந்துவிடும். நான் முதன்முறை அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்தபோது, பென்சிலால் எழுவாயையும் பயனிலையையும் கோடிட்டு இணைத்துக்கொண்டு படிக்க வேண்டியிருந்தது. ஆனால் அவருடைய ‘வாடிவாசல்’ என்னும் குறுநாவலைப் படியுங்கள். ஜல்லிக்கட்டுத் திடலில் ஒரு மாலைப்பொழுது. ஒரு காளை, இரண்டு இளைஞர்கள், ஒரு ஜமீன்தார். ஒரு சொல்லும் மிகை கிடையாது. அதே கைதான் இதையும் எழுதிற்று என்பது வியப்பாக இருக்கும். அந்நூலும் 1959-இல்தான் வெளிவந்தது.

‘எழுத்து’ ஏட்டின் முதல் சில ஆண்டுகளில் வெளியான கவிதைகளிலிருந்து தேர்ந்தெடுத்து, 1962-இல் ‘புதுக்குரல்கள்’ என்ற தொகுப்பைச் செல்லப்பா கொண்டுவந்தார். இருபத்துநான்கு கவிஞர்கள், அறுபத்துமூன்று கவிதைகள். தமிழில் புதுக்கவிதைக்கு அமைந்த முதல் தொகைநூல் அதுவே. சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களும் தொகுப்பித்தவர்களும் இல்லையேல் குறுந்தொகையும் அகநானூறும் நமக்கு ஏது? தொகுப்பவனின் பணி தமிழுக்குப் புதிதன்று. புதிது என்னவென்றால், அச்சு மை காயுமுன்னே, எழுதியவர்கள் இளைஞர்களாக இருக்கும்போதே, இவை நிற்கும் என்று கணித்துத் தொகுத்த துணிவு. நீண்டதொரு முன்னுரையில், பாரதி தொடங்கி அன்றுவரை இக்கவிதை வந்த வழியையும் எழுதிவைத்தார். நாம் இன்று புதுக்கவிதை வரலாறு என்று வகுப்பில் சொல்லும் பாடத்தின் எலும்புக்கூடு அந்த முன்னுரையில் இருக்கிறது. வல்லிக்கண்ணன் பின்னர் ‘புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும்’ என்னும் நூலில் அதற்குச் சதையும் குருதியும் ஊட்டினார். 1978-இல் அந்நூல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது.

‘எழுத்து பிரசுரம்’ என்ற பெயரில் தனிநூல்களும் வந்தன. பிச்சமூர்த்தியின் ‘காட்டுவாத்து’ 1960-களின் தொடக்கத்திலும் ‘வழித்துணை’ 1964-இலும், வேணுகோபாலனின் ‘கோடை வயல்’ 1965-இலும், வைத்தீஸ்வரனின் ‘உதய நிழல்’ 1970-இலும் வெளியாயின. கவிதை நூல் விற்பது அன்றும் இன்றும் ஒன்றே. கடைக்காரர்கள் வாங்காத நூல்களைச் செல்லப்பா மூட்டையாகக் கட்டித் தோளில் சுமந்து, ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். அரசாங்கமோ செல்வரோ அவருக்குப் பின்னால் இல்லை. ஆயுட்காலத்துப் பொருளெல்லாம் அந்த ஏட்டில் கரைந்தது.

என் கல்லூரி நாட்களில் எனக்குத் தமிழ் கற்பித்த பேராசிரியர் ஒருவரிடம் ‘புதுக்குரல்கள்’ இருந்தது. தாம் படித்த காலத்தில் செல்லப்பாவின் கையிலிருந்தே வாங்கியதாகச் சொல்வார். “விலையைக் கொடுத்துவிட்டுப் போக முற்பட்டேன். போகவிடவில்லை. எந்தக் கவிதை பிடிக்கிறது, ஏன் பிடிக்கிறது என்று கேட்டு நின்றுவிட்டார்” என்பார். அந்தப் பிரதியை அவர் ஓய்வு பெற்றபோது எனக்குக் கொடுத்தார்.

எதிர்ப்பு இரு பக்கத்திலிருந்தும் வந்தது. யாப்பைக் கைவிட்டது தமிழுக்குச் செய்த தீங்கு என்று மரபுவழிப் புலவர்கள் கூறினர். நா. வானமாமலை முதலிய இடதுசாரித் திறனாய்வாளர்களோ, இக்கவிதைகள் சமுதாயத்தை மறந்து தன் உள்ளத்துள் சுருண்டு கிடப்பவை, நம்பிக்கை வறட்சி மிக்கவை என்று ‘தாமரை’ ஏட்டில் கண்டித்தனர். இரண்டாவது குற்றச்சாட்டில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ‘எழுத்து’ கவிதைகள் பலவற்றில் ஒருவகைத் தனிமை உண்டு. கூலிக்கு உழைப்பவனின் முகம் அவற்றில் அரிதாகவே தெரியும். நெசவாளர் நிறைந்த ஊரிலிருந்து படிப்பவனுக்கு அது உறுத்தவே செய்யும். ஆயினும் மறுப்புகளைக் கண்டு செல்லப்பா கதவை அடைத்துக்கொள்ளவில்லை. வாதத்துக்கு வாதம் எழுதினார். தம் ஏட்டுக்குள்ளேயும் தமக்கு உடன்பாடில்லாத கருத்துகளுக்கு இடம் தந்தார். டில்லியில் அரசாங்க அலுவலில் இருந்த வெங்கட் சாமிநாதன் என்ற இளைஞர், தமிழ்ப் பண்பாட்டின் வறட்சியைச் சாடி எழுதிய ‘பாலையும் வாழையும்’ என்னும் கட்டுரை 1964-இல் அவ்வேட்டில்தான் வெளிவந்தது. இளைஞர் முதியவரைக் குறைகூறலாம். ஆனால் காரணம் காட்ட வேண்டும். அந்த ஏட்டில் நுழைவதற்கு இருந்த ஒரே நிபந்தனை இதுவாகத்தான் எனக்குப் படுகிறது.

இறுதி ஆண்டுகளில் காலாண்டிதழாகச் சுருங்கி, 119 இதழ்களோடு 1970-இல் ‘எழுத்து’ நின்றது. ஆனால் அதற்குள் வழி பிறந்துவிட்டது. சேலத்திலிருந்து சி. மணி 1968-இல் ‘நடை’ ஏட்டைத் தொடங்கியிருந்தார். 1970-இல் சென்னையில் ‘கசடதபற’ தோன்றியது. 1971-இல் கோவையிலிருந்து ‘வானம்பாடி’ பறந்தது. செல்லப்பாவின் வழிக்கு நேர் எதிரான குரலில் அது பேசிற்று. அந்த எதிர்க்குரலும் யாப்பில்லாத கவிதையிலேதான் ஒலித்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

செல்லப்பாவின் சொந்தக் கவிதைகளைப் பற்றி ஒரு சொல். ‘மாற்று இதயம்’ என்ற தொகுதி உண்டு. காந்தியடிகளை விளித்து எழுதிய ‘நீ இன்று இருந்தால்’ என்னும் நீண்ட கவிதையும் உண்டு. நேர்மையான கவிதைகள். ஆனால் பிரமிளின் ஒரு படிமம் போலவோ, பிச்சமூர்த்தியின் ஒரு பார்வை போலவோ அவை நெஞ்சில் தைப்பதில்லை. தம் தொகுப்பில் தம்மைவிடச் சிறந்தவர்களைத் தேடிச் சேர்த்தார் அவர். கவிஞராக இருந்துகொண்டு இதைச் செய்வது எவ்வளவு கடினம் என்பது, நாலு வரி எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எண்பத்தைந்தாம் வயதில், 1997-இல், ‘சுதந்திர தாகம்’ என்னும் நாவலை மூன்று பாகங்களாக வெளியிட்டார். 1998-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் மறைந்தார். அந்நாவலுக்குச் சாகித்திய அக்காதெமிப் பரிசு 2001-இல் அறிவிக்கப்பட்டது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

தொடக்கத்தில் சொல்வதாகக் கூறிய கதைக்கு வருகிறேன்.

1990-களில், ஆரணி வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் நான் தமிழாசிரியனாக இருந்தேன். மாணவர்களைக் கொண்டு கையெழுத்து இதழ் ஒன்று நடத்தினேன். ஆசிரியர், அதாவது பத்திரிகாசிரியர், நானே. ஆண்டுவிழா மலருக்காக நெசவாளரைப் போற்றி நேரிசை வெண்பா ஒன்று இயற்றினேன். தளை தட்டாத வெண்பா. எனக்கு அதில் சற்றுப் பெருமையும் இருந்தது. அதைக் கரும்பலகையில் எழுதி, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை நயம் பாராட்டி எழுதும்படி பணித்தேன். பாராட்டினார்கள். எதுகை நயம், மோனை நயம், உவமை நயம் என்று, நான் கற்பித்த வரிசையிலேயே பாராட்டினார்கள். ஒரு மாணவி மட்டும் வேறுவிதமாக எழுதியிருந்தாள். அவளுடைய வீட்டில் இரண்டு தறிகள். அவள் எழுதியதன் கருத்து இது: பாட்டில் நெசவாளரின் கைகள் மட்டுமே வருகின்றன; கால் வரவில்லை. வலக்கை கயிற்றை இழுத்தால் நாடா ஓடும், இடக்கை பலகையை அடிக்கும், மெய்தான். ஆனால் குழிக்குள் இருக்கும் கால் மிதிகட்டையை மிதிக்காவிட்டால் பாவு பிரிந்து நாடாவுக்கு வழிவிடாது. அப்பாவுக்கு இரவில் வலிப்பது முழங்கால். ஆகவே இந்தப் பாட்டை எழுதியவர் தறியை வாசலில் நின்று பார்த்திருக்கிறார். உள்ளே வந்து பார்க்கவில்லை.

பத்து மதிப்பெண்ணுக்கு நான்கு போட்டேன். நயம் கேட்டால் குறை எழுதுகிறாயே என்று சிவப்பு மையால் குறிப்பும் எழுதினேன். மலரில் என் வெண்பாவும், அதனைப் பாராட்டிய மூன்று கட்டுரைகளும் இடம்பெற்றன. அவளுடைய தாள் இடம்பெறவில்லை.

அப்போதே என் அலமாரியில் ‘புதுக்குரல்கள்’ இருந்தது. அதன் ஆசிரியரும் உயிரோடு இருந்தார். இருபது வயதுப் பையனுடைய விமரிசனத்தைக் கடல்கடந்து வரவழைத்து அச்சிட்டவரைப் பற்றி நான் மேடைகளில் பேசியதும் உண்டு. எனினும் எட்டடி தொலைவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் செய்தது அதே அலசல் என்பது எனக்கு அன்று தோன்றவில்லை. சில ஆண்டுகள் கழித்துப் பழைய தாள்களை ஒழிக்கும்போது அது கையில் அகப்பட்டது. படித்தேன். காரணம் காட்டியிருந்தாள், சான்று காட்டியிருந்தாள், எழுதியவனைப் பழிக்கவில்லை, எழுதியதைத்தான் சோதித்திருந்தாள். என் வகுப்பில் அந்த ஆண்டு எழுதப்பட்ட விமரிசனம் அது ஒன்றே. தாளை எடுத்து ‘புதுக்குரல்கள்’ பிரதிக்குள் வைத்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

சென்ற ஆண்டு கடைத்தெருவில் அந்த மாணவியைக் கண்டேன். ஆரணியிலேயே வாழ்க்கைப்பட்டு, அவளும் தறியில் உட்கார்கிறாள். மகள் கல்லூரியில் படிக்கிறாளாம். நான் அந்தத் தாளைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் மறந்திருக்கவில்லை. சிரித்துக்கொண்டே, “அந்தப் பாட்டுல காலைச் சேர்த்துட்டீங்களா சார்?” என்று கேட்டாள்.

சேர்த்துப் பார்த்தேன், நண்பர்களே. முதல் மூன்று அடிகளில் நான் எதையும் நீக்கத் துணியவில்லை. ஈற்றடியில்தான் இடம் தேடினேன். வெண்பாவின் ஈற்றடி மூன்று சீர்களைத்தான் ஏற்கும். காலை வைத்தால் நான்காகிவிடுகிறது.